கோமதி பொன்னுருவி செண்பகம் பாத்திரக் கடை

செம்மண்பேட்டைத் தேரடிக்கு வடக்கே, பூக்கடை வரிசை முடிந்து புகையிலை வாசம் தொடங்குகிற இடத்தில், 'கோமதி பொன்னுருவி செண்பகம் பாத்திரக் கடை' என்று ஒரு கடை இருந்தது; அந்தப் பலகையில் இருந்த மூன்று பெண்களில் முதலாமவள் தெய்வம், மூன்றாமவள் கடைக்காரர் குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி, நடுவில் இருந்தவள் யார் என்பது மட்டும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கோமதி, சங்கரன்கோவில் கோமதியம்மன். குத்தாலிங்கத்தின் தாயாருக்குப் பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போக, அந்தக் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, நாக்கில் வைத்து, தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பெற்ற பிள்ளை அவர் என்பதால், முதல் இடத்தை அம்மனுக்குக் கொடுத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. 'பாத்திரக் கடை' என்ற கடைசிப் பகுதிக்கும் ஒரு கதை உண்டு. எதிர்க்கடை அம்பலவாணன் 'பாத்திர மாளிகை' என்று பெரிசாகப் போட்டுக்கொண்டபோது, நீங்களும் மாளிகை என்றே மாற்றிவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். தான் சின்ன வயதில் எடுபிடியாக நின்று அடி வாங்கியது அப்படி ஒரு பாத்திர மாளிகையில் என்பதால், கடையென்றால் கடைதான் என்று சொல்லிவிட்டார் அவர். மூன்றாவது பெயர் செண்பகவடிவு. பலகை எழுதிய பெயிண்டர், அம்மனுக்குப் பக்தியோடும் நடுவில் இருப்பவளுக்குத் தாராளமாகவும் இடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரிக்கு வரும்போது பலகை தீரப்போவதைக் கண்டு, வடிவை வெட்டியெறிந்து செண்பகத்தை மட்டும் ஓரத்தில் நெருக்கி எழுதிவிட்டார். கடைவாசலில் வெயிலுக்காகப் போட்டிருந்த படுதா காற்றில் ஆடும்போதெல்லாம் முதலில் மறைவது அவள் பெயராகத்தான் இருந்தது.

கடை திறந்த அன்றைக்கே, சந்தனம் கரைத்த கையோடு பலகையை அண்ணாந்து பார்த்து அவள் கேட்டாள்.

"கோமதி சரி, செண்பகம் சரி. நடுவுல யாரு இந்தப் பொன்னுருவி?"

"அது கெடக்கு பிள்ள. ஒரு ராசிக்கு வச்சது."

ராசிக்கு வைக்க உலகத்தில் லட்சுமி இல்லையா, சரஸ்வதி இல்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக அங்கேயே நின்றது. அதற்குப்பிறகு புருஷன் வீட்டுச் சொந்தத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கருமாதி ஒன்றுவிடாமல் அவள் போனதை, செண்பகம் எவ்வளவு ஒட்டுதலான மருமகள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளோ பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் பேச்சுக் கொடுத்து, உங்க பக்கத்துல பொன்னுருவின்னு யாரும் உண்டா என்று விசாரிப்பதற்காகத்தான் போனாள். மூன்று தலைமுறை வரைக்கும் அப்படி ஒருத்தி இல்லை. ஒரே ஒரு தடவை, கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பொன்னுருவி இருப்பதாகத் தகவல் கிடைத்து, வேறு ஏதோ சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்தால், அது மூக்கு ஒழுகிக்கொண்டு மண்ணில் விளையாடுகிற குழந்தை. அந்தக் குழந்தையையும் அவளால் முழு மனதோடு கொஞ்ச முடியவில்லை.

இது மட்டும் என்றால் காலப்போக்கில் ஆறியிருக்கும். குத்தாலிங்கத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாத்திரம் வாங்குகிறவர்களுக்குக் கூலியில்லாமல் பேர் வெட்டிக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். நம் ஊர்களில் பேர் வெட்டாத பாத்திரம் தெருவில் நிற்கிற மாடு மாதிரி, யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டியதும், பேர் வெட்டுகிற மிஷினில் ஊசியை மாட்டி, ஊசி சரியாகக் குத்துகிறதா என்று ஒரு பழைய தாம்பாளத்தில் எழுதிப் பார்ப்பார் அவர். புதுப்பேனா வாங்கினால் பிள்ளையார்சுழி போடுகிறோமே, அப்படி. டர்ர்ர் என்று மிஷின் இரைய, புள்ளி புள்ளியாக எழுத்து விழும். தினமும் ஒரே பெயர்தான். தாம்பாளம் முழுக்க, எழுதியதன் மேலேயே எழுதி, பொன்னுருவி பொன்னுருவி பொன்னுருவி என்று உழுத வயலாகக் கிடந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாம்பாளத்தின் மேல் தூக்கை வைத்து மறைப்பது செண்பகவடிவின் பழக்கம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு, அது அவளுடைய அடுக்களை. அவளைப் பெண் பார்க்க வந்தபோது, சீர்ப் பாத்திரம் வாங்க வக்கில்லாமல் அவள் அப்பா தலையைக் குனிந்து நிற்க, "பாத்திரம் நான் போட்டுக்கிடுதேன் மாமா, பொண்ணைத் தந்தாப் போதும்" என்று சொன்னவர் குத்தாலிங்கம். சருவப்பானை, குடம், அண்டா, உருளி என்று அடுக்களை நிறையப் பித்தளை கொண்டுவந்து இறக்கினார், ஒவ்வொன்றின் கழுத்திலும் 'செண்பகவடிவு' என்று முழுப்பெயர் வெட்டி. பலகையில் வடிவு போனாலும் பானையில் வடிவு இருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அந்தப் பானைகளை அவள் வைத்திருந்த வைப்பைப் பார்த்தால், பெற்ற மகள் இந்துமதிக்கே பொறாமை வரும்.

இப்படி இருக்கும்போது ஒரு தை மாதக் காலையில் பால்காரி பிச்சம்மாள் ஒரு தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எம்பேரை வெட்டச் சொன்னா, ஒங்க கடைப் பேரையும் சேத்து வெட்டிருக்கீய. விளம்பரமா?"

சட்டியில் 'பிச்சம்மாள்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே புள்ளி எழுத்தில், 'பொன்னுருவி' என்றும் இருந்தது. குத்தாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தான் வெட்டவில்லை என்றார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஒரு கும்பலே வந்தது. அந்த வாரம் வெட்டின பாத்திரம், போன வருஷம் வெட்டினது, எந்தக் காலத்திலோ வெட்டிப் பரணில் கிடந்தது என்று, அவர் கையால் பேர் வெட்டிய பாத்திரம் எல்லாவற்றிலும், ராத்திரி கழுவிக் கவிழ்த்துக் காலையில் நிமிர்த்தினால், பொன்னுருவி வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஊர் முதலில் கொஞ்சம் முணுமுணுத்தது. எதிர்க்கடை அம்பலவாணன், இது கள்ளச் சரக்கு, மட்டமான எவர்சில்வர், அதனால்தான் எழுத்துப் பொரிகிறது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டான். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒரு டம்ளரை வெயிலில் வைத்தும் ஐஸில் வைத்தும் பார்த்து, உலோகத்துக்கு ஞாபகசக்தி உண்டென்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது, அதாவது பங்குனி உத்திரம் வந்துவிட்டது. அன்னதானத்துக்கு வீட்டுக்கு வீடு வாங்கின அண்டாவும் குண்டாவும் கலந்துபோய், வருஷா வருஷம் நடக்கிற சண்டை அந்த வருஷமும் தொடங்கியபோது, யாரோ ஒருவன், எல்லாத்திலயும் பொன்னுருவின்னுதான் போட்டிருக்கு, வந்ததைத் தூக்கிட்டுப் போங்கப்பா என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு அப்படியே செய்தார்கள். அன்றிலிருந்து செம்மண்பேட்டையில் இரவல் கொடுத்த பாத்திரத்துக்காக நடந்த சண்டைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாகம் பிரிகிற அண்ணன் தம்பிகள், இது எங்க அம்மா போட்டது அது ஒங்க அம்மா போட்டது என்று இழுத்துக்கொள்ளாமல், எல்லாம் அந்தப் பொன்னுருவி போட்டது என்று சமமாக எடுத்துக்கொண்டார்கள். மாமியார் வெட்டிய பேரும் மருமகள் வெட்டிய பேரும் நடுவில் பொன்னுருவியோடு ஒரே ரேக்கில் அடங்கி இருந்தன. கன்றுக்குட்டிக்கு முதலில் அந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு பெண்குழந்தைகளுக்கும் வைத்தார்கள். கடைவாசலில் யாரோ ஒரு செவ்வாய்க்கிழமை எலுமிச்சை விளக்கு ஏற்றினார்கள். சுற்றுப்பட்டியிலிருந்து கல்யாணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, பொன்னுருவி வருகிற பாத்திரம்தான் வேண்டும் என்று நின்றார்கள். அம்பலவாணன் பொறுக்கமாட்டாமல் தன் கடைப் பாத்திரத்திலும் அந்தப் பெயரை வெட்டி விற்றுப் பார்த்தான்; வாங்கிப் போனவர்கள், கையால் வெட்டினதைக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக ஆன அந்தப் பெயர், செண்பகவடிவுக்கு மட்டும் தீயாக இருந்தது. கோவிலில் பிரசாதம் வாங்கினால் கிண்ணத்தில் பொன்னுருவி. துக்க வீட்டில் காப்பி வாங்கினால் டம்ளரில் பொன்னுருவி. அவள் டம்ளரைத் திருப்பி, பெயர் இல்லாத பக்கமாக வாய் வைத்துக் குடிப்பாள், குடித்து முடித்துப் பார்த்தால் கட்டைவிரல் அந்தப் பெயரின் மேல்தான் இருக்கும். கடையில் கூட்டம் கூடக்கூட, வீட்டில் சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. வயிற்றெரிச்சல் என்று அவள் மோர் குடித்தாள். அந்த எரிச்சல் மோருக்கு அடங்குகிற எரிச்சலா?

ஒருநாள் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இந்துமதி போன் பண்ணினாள்.

"எம்மா, அப்பாவுக்குப் பொன்னுருவின்னு யாரும் இருக்காவளா? எங்க வீட்டுக் குக்கர்ல வந்திருக்கு. என் மாமியா கேக்காவ, ஒங்க அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் உண்டான்னு."

"அது கெடக்குட்டி. ஒரு ராசிக்கு வச்சதாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த செண்பகவடிவு, அடுக்களைக்குள் போய்த் தன் பித்தளைப் பானைகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க வந்தவள் இங்கே மட்டும் வரவில்லை. செண்பகவடிவு, செண்பகவடிவு என்று வரிசையாக அவளுடைய பெயர் மட்டுமே இருந்தது. எங்கே வேண்டுமானாலும் போ, என் வாசப்படி மட்டும் மிதிக்காதே என்று அவள் அந்தப் பெயரிடம் வாய்விட்டே சொன்னாள்.

அடுத்த வருஷத்துச் சித்திரை விஷுவுக்கு முந்தின நாள், பொங்கல் வைக்கிற பெரிய சருவப்பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அகன்ற வாயும் குறுகிய கழுத்துமாக, வீட்டிலேயே அவளுக்குப் பிடித்த பானை அது. தேய்க்கத் தேய்க்கத் தன் பெயருக்கு மேலே ஏதோ கீறல் மாதிரித் தெரிந்தது. கல்லில் உரசியிருக்கும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கிற கைக்கடியில் கீறல் புள்ளியாகி, புள்ளி எழுத்தாகி, ஊரில் மற்ற பாத்திரங்களில் வந்தது போல் பக்கத்தில் ஒதுங்கி வராமல், அவள் பெயருக்கு மேலே, அவள் பெயரைவிடப் பெரிசாக, ரொம்ப நாளாக அங்கேயே குடியிருந்த தோரணையில் வந்து நின்றது. பொன்னுருவி. அவள் குடத்தை எடுத்துத் தேய்த்தாள். பொன்னுருவி. உருளி, அண்டா, கரண்டிக் காம்பு, எல்லாம் பொன்னுருவி.

குத்தாலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது நடுவீட்டில் பானைகள் வரிசையாக இருந்தன, இலை போட்டிருக்கவில்லை.

"இது இப்ப வந்ததில்ல. அடியில கெடந்தது" என்றாள் அவள். "சொல்லுங்க."

அவர் பானைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பிறகு, எடுபிடியாக நின்ற மாளிகையில் பேர் வெட்டப் பழகின காலத்துக் கதையைச் சொன்னார். புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி, மகளையும் கூட்டிக்கொண்டு சீர்ப் பாத்திரம் வாங்க வந்தார். ஆசை மிகுந்த மனுஷன், பரிசம் போடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றிலும் மகள் பேரை வெட்டச் சொல்லிவிட்டார். குத்தாலிங்கம் முதன்முதலாகச் சொந்தமாக வெட்டிய பெயர் அதுதான். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா ஆழமா வெட்டுங்க, அழிஞ்சுரக் கூடாது என்றாள். அழியாது என்று இவர் சொன்னார். அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் என்னவோ பேச்சில் முறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேர் வெட்டின பாத்திரத்தை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? ஓட்டைப் பித்தளை விலைக்குத்தான் எடுப்பேன் என்றார் முதலாளி. அந்த அப்பா கோபத்தில் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பிறகு இவர் வேலையை விட்டு வெளியே வந்தபோது, கூலிக்குப் பதிலாக அந்தப் பாத்திரங்களைத்தான் முதலாளி சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

"பேரோட யாரு வாங்குவா? பாலிஷ் வீலைப் பிடிச்சு ஒண்ணொண்ணா அழிச்சேன். சந்தை சந்தையாக் கொண்டுபோயி வித்தேன். அதுலதான் நிமிந்தேன். நல்லதாப் பாத்து நாலு சாமான ஒதுக்கி வச்சிருந்தேன், அதுலதான் ஒம்பேரை வெட்டுனேன்."

அவள் சருவப்பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழியாதுன்னு சொன்னவன் நானு. அழிச்சவனும் நான்தான். அதான் பலகையிலயாவது இருக்கட்டும்னு வச்சேன். வேற ஒண்ணுமில்ல, பிள்ள."

வேறு ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அப்படியும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, முப்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"அழகா இருந்தாளோ?"

எத்தனையோ வாடிக்கைக்காரர்களிடம் எத்தனையோ பொய் சொல்லிப் பாத்திரம் விற்ற அந்த மனுஷனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு பொய் வாயில் வரவில்லை.

"இருந்தா" என்றார்.

மறுநாள் விஷு. பொங்கல் வைக்கவில்லை. செண்பகவடிவு சருவப்பானையை ஒரு பழைய சேலையில் கட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறினாள். உன் பானையை நீயே வைத்துக்கொள் என்று அவள் மூஞ்சிக்கு நேரே வீசிவிட்டு வருவதாகத் திட்டம். வழிநெடுக, தலைப்பின்னலும் தாவணியுமாக, வாடாத ஒரு இருபது வயசுக்காரியிடம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

எலுமிச்சைச் சந்தையில் விசாரித்ததும் உடனே கைகாட்டினார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு ஓட்டுவீட்டு முற்றத்தில், மஞ்சளாகக் குவிந்து கிடந்த எலுமிச்சைக்கு நடுவே சாக்கைப் போட்டு உட்கார்ந்து, பெரிய காய் சின்னக் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. குட்டையாக, பருமனாக, கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். செண்பகவடிவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஆள் வந்த சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து, யாரென்றே தெரியாமல் சிரித்தாள். சிரித்தபோது அழகாக இருந்தாள். நிம்மதி போய்விட்டது.

செண்பகவடிவு சேலையைப் பிரித்துப் பானையை எலுமிச்சைக்கு நடுவில் வைத்தாள். அந்தப் பெண் வந்தவளைப் பார்க்கவில்லை, பானையைத்தான் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், விரலால் கழுத்தைத் தடவினாள்.

"என் சருவப்பானை" என்றாள்.

"எங்க வீட்டுப் பானை" என்றாள் செண்பகவடிவு.

இரண்டு பேரும் பானையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் இன்னார், அவர் பெண்டாட்டி நான், உன் பேரை அழித்து என் பேரை வெட்டிக் கொடுத்திருக்கிறார், ஊரெல்லாம் இப்போது உன் பேர்தான் என்று செண்பகவடிவு கொட்டித் தீர்த்தாள். பொன்னுருவி கேட்டுக்கொண்டே உருளி எங்கே, அண்டா எங்கே, வளையம் வைத்த குடம் எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

"பேரு வெட்டுனாரே, அவரை ஞாபகம் இருக்கா?" என்றாள் செண்பகவடிவு.

"கடைப்பையன் ஒருத்தன் வெட்டுனான்."

"ஒருத்தனா?"

"மூஞ்சி ஞாபகம் இல்லியே. நான் பானையல்லா பாத்துக்கிட்டு நின்னேன்."

செண்பகவடிவுக்கு வந்த கோபம் அவளே எதிர்பார்க்காத கோபம். "தினமும் காலையில ஒம்பேரைத்தான் எழுதிப் பாக்காவ. ஒரு தாம்பாளமே தேஞ்சு போச்சு. ஒனக்கு மூஞ்சி கூட ஞாபகம் இல்லியோ? அவ்வளவு மட்டமாப் போயிட்டாவளா எங்க வீட்டுக்காரவ?"

"நான் என்ன செய்ய? நீ பாத்த மாதிரி நான் அவரைப் பாக்கலையே" என்றாள் பொன்னுருவி. பிறகு எலுமிச்சையை ஒதுக்கி, அவள் உட்கார இடம் பண்ணினாள். "எனக்கு அவரு இல்ல, நீதான். எவளோ ஒருத்தி என் பானையில பொங்குதா, என் குடத்துல தண்ணி எடுக்கான்னு எனக்கு உள்ள வேகும். எவ வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மொதல்ல அடுக்களையத்தான் எட்டிப் பாப்பேன். சின்னமாமனையே கட்டிக்கிட்டேன், பாத்திரம் வேண்டாம்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுச் சாமான்ல பேரு கெடையாது. இரவல் போனா வராது, நானும் கேக்க மாட்டேன். ஒம்பேரு கூடத் தெரியாம ஒன்னத்தான் தேடிக்கிட்டு அலைஞ்சேன்."

செண்பகவடிவு தான் போன கல்யாணங்களையும் கருமாதிகளையும் நினைத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி விசாரித்திருக்கக்கூடும் என்று தோன்றியது. ஆனாலும் பானையிலிருந்து கையை எடுக்கவில்லை. வீசிவிட்டுப் போக வந்தவளுக்கு, இப்போது விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

"ஒரு தடவ நான் அதுல பால் காச்சிக்கிடுதேன்" என்றாள் பொன்னுருவி. "பெறகு நீ கொண்டு போ."

முற்றத்திலேயே கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். பால் பொங்கி, வெட்டின எழுத்தின் மேல் வழிந்து, முதலில் பொன்னுருவியையும் பிறகு செண்பகவடிவையும் நனைத்துக்கொண்டு இறங்கியது. என் பேர்தான் முதலில் நனைந்தது என்று பொன்னுருவி சொல்லிக் காட்டாமல் இல்லை. அடியில் இருக்கிற என் பேரில்தான் பால் நின்று காய்ந்தது என்று செண்பகவடிவும் விடவில்லை. ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். புறப்படும்போது, பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்று பானை நிறையப் பெரிய காயாகப் பொறுக்கிப் போட்டுக் கொடுத்தாள் பொன்னுருவி.

குத்தாலிங்கம் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தவர், எலுமிச்சைப் பானையை வாங்கி இறக்கி வைத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"அந்தம்மா ஏதும் சொன்னாவளா?"

மூஞ்சி கூட ஞாபகம் இல்லை என்கிற வார்த்தை செண்பகவடிவின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவளுடைய இத்தனை வருஷத்துக் கணக்கும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். துண்டை முறுக்குகிற அந்தக் கையை அவள் பார்த்தாள்.

"நல்லா ஞாபகம் வச்சிருக்கா. ஆழமா, அழகா வெட்டுனாவன்னு சொன்னா. வருத்தம் ஒண்ணும் இல்லியாம்" என்றாள்.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அந்தப் பொய்யைச் சொன்னதற்காகச் செண்பகவடிவு அழவும் செய்தாள், அதைக் கேட்டு அவர் முகம் தெளிந்ததற்காக எரியவும் செய்தாள்.

அடுத்த நாளிலிருந்து புதுப் பாத்திரங்களில் பொன்னுருவி வருவது நின்றுபோனது. பழையவற்றில் இருந்தவள் அப்படியே இருந்தாள். ஊர் இதை லேசில் விடவில்லை. பிச்சம்மாள் புதுக் குடத்தைக் கொண்டுவந்து டங்கென்று வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, டூப்ளிகேட்டு விக்க ஆரம்பிச்சாச்சா? பொன்னுருவி எங்க?"

குத்தாலிங்கம் ஊசியைக் கழற்றிக் கீழே வைத்தார். அந்தப் பெயரை இனித் தன்னால் வெட்ட முடியாது, தனக்கு அது முடிந்துபோயிற்று என்றார். கூட்டம் கலைந்து அம்பலவாணன் கடைப் பக்கம் திரும்பியபோது, சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த செண்பகவடிவு, "தள்ளுங்க, நான் வெட்டுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். ஊரில் அந்தப் பெயர் இருந்தே தீரும் என்றால், அது தன் கையால் இருக்கட்டும். எவ்வளவு பெரிசாக வெட்டுவது என்பதையாவது தான் முடிவு செய்யலாம். முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை, கைக்கு உடனே வந்தது. அவள் வெட்டியதை ஊரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்த வீட்டு மனுஷி வெட்டினால் சரிதான் என்று பிச்சம்மாள் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் கடை திறந்து, சாம்பிராணி காட்டி, மிஷினில் ஊசியை மாட்டி, எழுதிப் பார்ப்பதற்காக அந்தப் பழைய தாம்பாளத்தை இழுத்தவள், அதில் ஒரு புள்ளி வைக்கக்கூட இடமில்லாததைப் பார்த்து, பின்பக்கமாகத் திருப்பினாள். அந்தப் பக்கம் கண்ணாடி போல் வெறுமையாக இருந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு டர்ர்ர் என்று ஒரு பெயரை எழுதினாள்.

குத்தாலிங்கம் எட்டிப் பார்த்தார். 'அழகியநம்பி' என்று எழுதியிருந்தது.

"யாரு பிள்ள இது?"

அப்படி ஒருவன் அவளுடைய வாழ்க்கையில் கிடையாது. காற்றிலிருந்து எடுத்த பெயர். அவள் தாம்பாளத்தின் மேல் தூக்கை நகர்த்தி வைத்தாள்.

"அது கெடக்குங்க. ஒரு ராசிக்கு."

அன்றைக்கு அவர் சாப்பாட்டில் பாதியை மீதம் வைத்தார். மறுநாளும் அவள் அதே பெயரை எழுதினாள், அதற்கு மறுநாளும் எழுதினாள். அந்த ஆவணியில் செண்பகவடிவின் சித்தி பேத்திக்குக் காதுகுத்து வந்தபோது, எந்த விசேஷத்துக்கும் கடையை விட்டு நகராத குத்தாலிங்கம் முதல் ஆளாகப் புறப்பட்டார்; பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் குனிந்து அவர் என்னவோ விசாரிப்பதையும், பக்கத்து இலைக்காரர் யோசித்து யோசித்து உதட்டைப் பிதுக்குவதையும் செண்பகவடிவு எதிர்ப்பந்தியிலிருந்து பார்த்தாள். பாயசம் அன்றைக்கு அவளுக்கு ரொம்ப ருசித்தது.

ஊர் திரும்பிக் கடையைத் திறந்தபோது, பிச்சம்மாள் ஒரு குத்துப்போணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள்.

"யக்கா, என் பேரும் இருக்கு, பொன்னுருவியும் இருக்கு. காலையில எடுத்துப் பாத்தா மூணாவதா ஒரு ஆம்பள பேரு வந்திருக்கு. யாரு இந்த அழகியநம்பி?"

குத்தாலிங்கம் கையில் வைத்திருந்த டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். செண்பகவடிவு போணியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எழுத்து நல்ல ஆழமாக விழுந்திருந்தது. அவள் அதை முந்தானையால் ஒரு தடவை துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஷினில் ஊசியை மாட்டினாள்.